வெளியே வரலாம், விலகிப் போகக் கூடாது

பெருந்தொற்று ஓய்ந்து, மலாக்காவுக்கு மறுபடியும் சுற்றுப்பயணிகள் வர ஆரம்பித்திருந்த சமயம். தஞ்சோங் கிளிங் கடலோரச் சாலையில் உள்ள ஒரு நடுத்தர ஹோட்டலில், ஹவுஸ்கீப்பிங் பிரிவின் பொறுப்பாளராக நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அறைகளைச் சுத்தம் செய்வது, படுக்கை விரிப்பு மாற்றுவது, துணிகளைச் சலவைக்கு அனுப்புவது எல்லாம் எங்கள் பிரிவின் வேலை. தமிழர், மலாய்க்காரர், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் என்று கலந்து இருந்தோம். ஏறக்குறைய எல்லாருமே பெண்கள்.

நான் சேர்வதற்குச் சற்று முன்பு ஓர் இளம்பெண் திடீரென்று வேலையை விட்டுப் போயிருந்தாள். ஆபீஸில் கேட்டால், சொந்தக் காரணம் என்றார்கள். அவளோடு வேலை செய்த மலாய்க்காரப் பெண் ஒருத்தி, ஒருநாள் மதியம் சாப்பிடும்போது உண்மையைச் சொன்னாள். அந்தப் பெண் படுக்கை விரித்துக்கொண்டிருந்தபோது வெளியே போயிருந்த விருந்தினர் திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டு பேச்சுக் கொடுத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வழி விட்டிருக்கிறார். அவள் போய் அப்போதிருந்த மேற்பார்வையாளரிடம் சொன்னதற்கு, கையைப் பிடித்தானா, ஒன்றும் இல்லையே, கெஸ்ட் அப்படித்தான் இருப்பார்கள், அனுசரித்துப் போ என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த நாளிலிருந்து அவள் வரவில்லை.

நானும் அறை கூட்டித் துடைத்து மேலே வந்தவள்தான். சாத்திய கதவுக்கு உள்பக்கம் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அவர் என்ன செய்தார் என்பதல்ல. நீ வெளியே வர முடிந்ததா என்பதுதான். இதற்கு ஒரு விதி வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் நான் எழுதிய விதி படுதோல்வி. பெரிய ஹோட்டல்கள் வைத்திருப்பதைப் பார்த்து இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, துணி அறைச் சுவரில் ஒட்டினேன். படிக்க அழகாக இருந்தது. யாரும் படிக்கவில்லை. ஒருவாரம் கழித்து என்ன புரிந்தது என்று கேட்டேன். 'கெஸ்டிடம் மரியாதையாக நடக்கணும்' என்றார் ஒருவர். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினேன். எப்போது பயமாக இருக்கிறது, பயந்தால் என்ன செய்கிறீர்கள், ஏன் சொல்வதில்லை என்று கேட்டேன். சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதுதான் சுற்றிச் சுற்றி வந்த பதில்.

ஆகவே புதிய விதி சுருக்கமாக இருந்தது. வேலை செய்யும்போது கதவை அகலத் திறந்து வைக்க வேண்டும். விருந்தினர் உள்ளே இருக்கும்போது மனதுக்குச் சரியில்லை என்று பட்டால், வேலையைப் போட்டது போட்டபடி வெளியே வந்துவிடலாம். ஏன் வந்தாய் என்று யாரும் உடனே குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. மலாயிலும் தமிழிலும் வாயால் சொன்னாலே போதும், மனதில் நிற்கும்.

அதற்கு எங்கள் பொது மேலாளரின் கையெழுத்து வேண்டும். அவர் மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்த சீனர். ஹோட்டல் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். உன் ஆள் வெளியே வந்து, மாடியிறங்கி உன்னிடம் வந்து சொல்லிக்கொண்டிருப்பாள், மேலே கதவு திறந்து கிடக்கும், அந்த நேரத்தில் எவனாவது உள்ளே புகுந்து விருந்தினரின் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு பெண்ணின் பயத்தைப் பற்றி நான் பேசுகிறேன், இந்த மனிதர் கைக்கடிகாரத்தைப் பற்றி யோசிக்கிறாரே என்று தோன்றியது. ஆனால் அவர் விடவில்லை. வெளியே வருகிறவர் அந்த மாடியை விட்டு நகரக் கூடாது, கதவைத் திறந்தபடியே வைத்து, அது கண்ணில் படும் இடத்தில் நின்று வாக்கி டாக்கியில் கூப்பிட வேண்டும், பிறகு இரண்டு பேராகத்தான் உள்ளே போக வேண்டும், இதைச் சேர்த்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

மனசே இல்லாமல்தான் சேர்த்தேன். கையெழுத்து வாங்கினால் போதும் என்றிருந்தது எனக்கு.

விதி வந்த புதிதில் தொல்லைகள் இல்லாமல் இல்லை. தாமதமாக எழுந்திருக்கும் விருந்தினர்களின் அறையைச் சுத்தம் செய்யாமல் தப்பிக்க இரண்டொருவர் அதைச் சாக்காகச் சொன்னார்கள். வரவேற்பு மேசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கேள்வி கேட்கக் கூடாது என்று எழுதியது நான்தான் என்பதால் கேட்கவும் முடியவில்லை. அப்படி யாராவது வெளியே வந்தால், நானே அவரோடு அதே அறைக்குப் போய் வேலையை முடித்துக் கொடுத்தேன். சோம்பேறித்தனத்துக்கு வந்தவர்களுக்கு அது கூச்சமாகிவிட்டது. தானாக நின்றுபோனது.

இப்படி இருக்கையில் பள்ளி விடுமுறை வந்தது. ஒரு சனிக்கிழமை, கல்யாண வீட்டார் ஒரு மாடி முழுவதையும் எடுத்திருந்தார்கள். சிரம்பானிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். காலையிலேயே பாதிப் பேர் மண்டபத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் கீழே துணி அறையில், துண்டுகள் போதவில்லை என்று சலவைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது வாக்கி டாக்கியில் ஓர் அக்காவின் குரல் வந்தது. ரெம்பியா பக்கம் குடியிருப்பவர், என்னைவிட மூத்தவர். கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். விருந்தினர்கள் விட்டுப்போகும் ஈரத் துண்டுகளைப் பற்றி அவர் அடிக்கும் கிண்டலில் துணி அறையே சிரிக்கும். அன்று அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

"மேடம், கொஞ்சம் மேல வர்றீங்களா? ரூம்ல கெஸ்ட் கையப் புடிச்சிட்டாரு. நான் வெளிய வந்துட்டேன்."

நடந்தது இதுதான். அவர் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. அறை காலி என்று நினைத்து, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படுக்கையைப் பிரித்திருக்கிறார். குளியலறையிலிருந்து வயதான ஒருவர் சாரோங் கைலியோடு வந்திருக்கிறார். சட்டைப் பித்தான் போடவில்லை. தள்ளாடி நேராக அக்காவை நோக்கி வந்து, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, என்னவோ குழறியிருக்கிறார். காலையிலேயே குடித்திருக்கிறார் என்றுதான் அக்கா நினைத்திருக்கிறார். கையை உதறி விடுவித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

லிப்டுக்கு முன்னால் வரிசைத் தட்டுகளோடு ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. நான் படியில் ஏறினேன். பாதி வழியில் மறுபடியும் அக்காவின் குரல்.

"மேடம், உள்ள ஏதோ விழுந்த மாதிரி சத்தம் கேட்டுச்சு. நான் போய்ப் பாக்கவா?"

ஒரு கணம் படியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் கையைப் பிடித்த ஆளின் அறைக்கு அவரைத் தனியாகத் திருப்பி அனுப்ப முடியாது. அதே சமயம், விழுந்த சத்தம் என்கிறார். விதி என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை என்றால் பொய். அதைத்தான் யோசித்தேன்.

"வாசல்லயே நில்லுங்கக்கா. நான் படியில வந்துக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டு ஓடினேன். மேலே போனபோது அக்கா கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு கையால் பிடித்தபடி நின்றிருந்தார். மறு கை மணிக்கட்டில் விரல் பதிந்த சிவப்பு. இருவரும் சேர்ந்து உள்ளே போனோம்.

அந்தப் பெரியவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சரிந்து கிடந்தார். பாதிக் கண் திறந்திருந்தது. உடம்பெல்லாம் வேர்வை, ஏர்கோன் ஓடி அறை அவ்வளவு குளிர்ந்திருந்தும் சட்டை நனைந்திருந்தது. குனிந்து பார்த்தேன். சாராய வாடை கொஞ்சமும் இல்லை. மேசையில் இன்சுலின் பேனா இருந்தது. அதன் பக்கத்தில் பிரிக்கப்படாத ரொட்டிப் பொட்டலம். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. என் அப்பாவுக்கும் இனிப்புநீர், சர்க்கரை வியாதி. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். நாக்கு குழறும், கால் தள்ளாடும், யார் என்ன என்று தெரியாது, சில சமயம் முரட்டுத்தனம் கூட வரும். பார்ப்பவருக்குக் குடிகாரர் மாதிரிதான் இருக்கும்.

அவர் அக்காவின் கையைப் பிடித்தது விழாமல் இருப்பதற்காக.

வாக்கி டாக்கியில் கீழே கூப்பிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னேன். கூப்பிட்டால் பெரியவர் முனகினார், கொடுத்த தண்ணீரை விழுங்கவும் முடிந்தது. அறையில் காப்பி கலக்க வைத்திருக்கும் சீனிப் பொட்டலங்களை எல்லாம் பிரித்து ஒரு தம்ளரில் கரைத்தேன். அக்கா அவரைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். சற்றுமுன் எந்தக் கையை உதறிவிட்டு ஓடி வந்தாரோ, அதே கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவா குடிங்கப்பா, மெதுவா, என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் ஆட்கள் வருவதற்குள் பெரியவர் கண்ணைத் திறந்து, நான் எங்கே இருக்கிறேன் என்று தமிழில் கேட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. முடியவில்லை.

பெரியவரின் மகள் மண்டபத்திலிருந்து பட்டுச்சேலையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். அங்கே போகுமுன் யாரோ போனில் அவரிடம், உங்கள் அப்பா விழுந்தார், வேலைக்காரப் பெண் அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். மாலையில் அவர் ஹோட்டலுக்குப் போன் செய்து புகார் கொடுத்தார். இன்னும் கொஞ்ச நேரம் கவனிக்காமல் விட்டிருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். ஹோட்டலில் ஏன் கவனிக்காமல் விட்டார்கள் என்பது அவர் கேள்வி.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணுக்குக் காரணம் கேட்டுக் கடிதம் கொடு என்றார். அவர் கொடுமைக்காரர் இல்லை. புகார் வந்தால் அதுதான் வழக்கம். கடிதம் கொடுத்து, பதில் வாங்கி, விருந்தினரிடம் நடவடிக்கை எடுத்தோம் என்று காட்டினால் எல்லாம் அடங்கிவிடும்.

துணி அறைக்குப் போனேன். வேலை நேரம் முடிந்தும் அக்கா வீட்டுக்குப் போகாமல், மடித்து வைத்த துண்டுகளையே மறுபடியும் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். வெளியே அவர் கணவர் மோட்டாரோடு காத்திருந்தார்.

"நாளையிலருந்து நான் வரல மேடம். வயசான மனுசன் விழுந்து கெடக்கறாரு, நான் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்திருக்கேன். யாருகிட்ட போய் இத சொல்றது?"

"நில்லுங்கன்னு சொன்னது நான்க்கா" என்றேன்.

புக்கிட் பெருவாங்கில் இருக்கும் என் வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த அக்காவுக்குக் கடிதம் போனால், விதி அன்றோடு செத்துவிடும். வெளியே வரலாம் என்று சொன்னீர்கள், வந்தவளுக்குக் கடிதம் கொடுத்தீர்கள் என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். அப்புறம் நிஜமாகவே ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாலும், எவளும் வெளியே வரமாட்டாள்.

மறுநாள் காலை மேலாளரிடம் போய், கடிதம் கொடுப்பதாக இருந்தால் என் பெயரில் கொடுங்கள் என்றேன். விதியை எழுதியது நான், உள்ளே போகாதே என்று சொன்னதும் நான், அவர் சொன்னபடி நின்றார், அவ்வளவுதான். அந்தத் தாளில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது என்றும் சொன்னேன். என் வேலையோ இன்னும் சோதனைக் காலம் முடியாதது. என் மகள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். மேலாளர் அந்தத் தாளை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார். பெரியவரின் மகள் பெட்டிகளை எடுக்க இன்று வருகிறார், முதலில் அவரிடம் நீயே பேசு, பிறகு பார்ப்போம் என்றார்.

மத்தியானம் அந்த மகள் வந்தார். என் வயதுதான் இருக்கும். தூங்காத முகம். மன்னிப்புக் கேட்டுவிட்டு அனுப்பிவிடலாம் என்று வரவேற்பில் சொன்னார்கள். நான் அவரை ஆபீஸில் உட்கார வைத்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஏன் அப்படி ஒரு விதி வந்தது, முன்பு வேலையை விட்டுப் போன பெண் யார், உங்கள் அப்பா கையைப் பிடித்தபோது எங்கள் ஆள் என்ன நினைத்தார், சத்தம் கேட்டபோது நான் ஏன் நிற்கச் சொன்னேன், எல்லாவற்றையும். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார்.

அக்கா அன்று வேலைக்கு வந்திருந்தார், கணக்கை முடித்துக்கொண்டு போவதற்காக. உள்ளே வந்து நின்றவரைப் பார்த்து அந்த மகள் கேட்டார்:

"எங்கப்பா உங்களுக்குக் கெட்டவரா தெரிஞ்சாரா?"

அக்கா தலையைக் குனியவில்லை.

"நல்லவரா கெட்டவரான்னு பாக்க நேரம் இல்லம்மா. கையப் புடிச்சாரு, பயந்துட்டேன், வெளிய வந்துட்டேன். ஆனா போயிடல. கதவுகிட்டயேதான் நின்னேன். சத்தம் கேட்டதும் நாந்தான் மேடத்துக்குச் சொன்னேன்."

அந்த மகளின் பார்வை அக்காவின் மணிக்கட்டுக்குப் போனது. சிவப்பு இப்போது கன்றிப் போயிருந்தது.

"வீட்ல எங்கம்மாவையும் ஒரு தடவ இப்படித்தான் தள்ளி விட்டுட்டாரு" என்றார் மெல்ல. "சுகர் எறங்கினா அவருக்கு யாருன்னே தெரியாது. சாப்பிட்டுருவார்னு நெனச்சு நான்தான் தனியா விட்டுட்டுப் போனேன்."

பிறகு, மருந்து போட்டீங்களா என்று அக்காவிடம் கேட்டார். இல்லை என்றதும் தன் கைப்பையில் தேடி ஒரு தைலப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று வாயால் அவர் சொல்லவில்லை. போகும்போது மேலாளரின் அறைக்குள் தலையை நீட்டி, கதவு திறந்து இருந்ததால்தான் சத்தம் கேட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கடிதப் பேச்சு எழவில்லை. மேலாளரும் நானும் உட்கார்ந்து விதியை மறுபடி பார்த்தோம். விழுந்த சத்தமோ முனகலோ கேட்டால், யார் பக்கத்தில் இருந்தாலும் உடனே அவரையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போக வேண்டும், என்னை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று சேர்த்தோம். அன்று அதே மாடியில் வேறு ஒருத்தி நாலு அறை தள்ளி வேலை செய்துகொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. விதியிலும் இல்லை.

அப்போதுதான் மேலாளரிடம் சொன்னேன்: மாடியை விட்டு நகரக் கூடாது, கதவைத் திறந்து வைத்து அங்கேயே நிற்க வேண்டும் என்றது நீங்கள். நான் எழுதியபடி விட்டிருந்தால் அந்த அக்கா கீழே இறங்கி வந்து என்னிடம் அழுதுகொண்டிருப்பார், மேலே பெரியவர் விழுந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் கொஞ்சம் சங்கடப்பட்ட மாதிரி சிரித்தார். நான் கைக்கடிகாரத்தை நினைத்துத்தான் சொன்னேன் என்றார். தெரியும் என்றேன். அவரும் என்னைப் பார்த்து, அந்தக் கடிதத்தை அனுப்பியிருந்தால் தப்பாகப் போயிருக்கும் என்றார்.

அக்கா வேலையை விடவில்லை. கொஞ்ச காலம் மாடிக்குப் போகமாட்டேன் என்று துணி அறையிலேயே இருந்தார். நான் வற்புறுத்தவில்லை. ஒருநாள் ஆள் பற்றாக்குறையில் நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவராகவே டிராலியைத் தள்ளிக்கொண்டு லிப்டுக்குப் போனார்.

அடுத்து நடந்த கூட்டத்தில் இந்தோனேசியப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். இனிமேலும் நாங்கள் வெளியே வரலாமா என்று. அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். வரலாம் என்றேன். உங்களுக்குப் பயம் வந்தது தப்பாகவே இருந்தாலும் வரலாம். நான் பேசி முடிக்கும்வரை பின்னால் நின்றிருந்த மேலாளர், ஆமாம் என்று தலையசைத்தார்.

அதன் பிறகு இந்த வேலையில் எத்தனையோ விதிகள் எழுதிவிட்டேன், சிலவற்றைக் கிழித்தும் போட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் என்னோடு ஒத்துப்போகாதவரிடம்தான் முதலில் படித்துக் காட்டுகிறேன், ஏனென்றால் நான் நினைத்தே பார்க்காத ஓர் உயிர் அவருடைய மறுப்புக்குள் இருக்கலாம் என்பதை அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு என்னால் மறக்க முடியவில்லை.